ஊருக்குள்ளேயே கொடுக்கும் குடும்ப நிதி: வாசகர் கேள்வி – பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மேலே வந்த குடும்பங்கள் தங்கள் காசில் ஒரு நிதியமோ அறக்கட்டளையோ ஆரம்பித்து சொந்த மண்ணுக்கு உதவலாமா, உதவினால் எப்படி என்பதுதான் அந்த விஷயம். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (ஹட்டன் வாசகர்): எங்கள் தாத்தா தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர். அப்பா டவுனில் சில்லறைக் கடை வைத்து எங்கள் நான்கு பேரையும் படிக்கவைத்தார். இப்போது ஒருவர் கொழும்பில், இரண்டு பேர் வெளிநாட்டில். அப்பா பெயரில் ஒரு நிதி தொடங்கி மலையகத்துக்குள் மட்டும் உதவலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் தம்பி, அங்கே தங்கள் மாநிலத்துக்கு வெளியே ஒரு சதம்கூடக் கொடுக்காத குடும்ப அறக்கட்டளைகள் இருக்கின்றன என்கிறான். தங்கச்சியோ, கஷ்டப்படுகிறவர்களுக்கு என்ன எல்லை வேண்டிக்கிடக்கிறது என்கிறாள். யார் சொல்வது சரி? அங்கே அவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

பதில்: தம்பி சொல்வது உண்மை. தங்கச்சி கேட்பதும் நியாயமான கேள்வி, அதற்கும் வருகிறேன்.

வட கரோலினா என்ற மாநிலம் புகையிலை விளைந்த மண். அங்கே புகையிலைக் கம்பனி நடத்திய ரெனால்ட்ஸ் குடும்பத்தின் கடைசிப் பையன் சக்கரி ஸ்மித் ரெனால்ட்ஸ் 1932இல், 20 வயதில் இறந்துபோனார். அவர் சொத்திலிருந்து தங்களுக்கு வந்த பங்கை அண்ணனும் அக்காமார் இருவரும் எடுத்துக்கொள்ளாமல் 1936இல் தம்பி பெயரிலேயே ஓர் அறக்கட்டளை ஆக்கினார்கள். வட கரோலினா மக்களுக்கு மட்டும் என்பதுதான் அதன் அடிப்படை விதி, இன்றைக்கும் அப்படியே நடக்கிறது. அதே மாநிலத்தில் வேறொரு ஊரில் இருந்த வேக் பாரஸ்ட் கல்லூரியை 1956இல் தங்கள் சொந்த ஊரான வின்ஸ்டன்-சேலத்துக்குக் கொண்டுவந்து வளர்த்ததில் இந்த அறக்கட்டளைக் காசுக்குப் பெரிய பங்கு உண்டு, இப்போது அது பல்கலைக்கழகம்.

அதற்கும் முன்னால் 1924இல் ஜேம்ஸ் டியூக் என்பவர், அவரும் புகையிலையிலும் பிறகு நீர்மின்சாரத்திலும் சம்பாதித்தவர்தான், வட கரோலினா, தென் கரோலினா இரண்டுக்கும் மட்டும் என்று 4 கோடி டொலர் போட்டு ஒரு நிதியம் உண்டாக்கினார். அதன் உறுதிப் பத்திரத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. இலவசமாக நோயாளியை வைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு, அப்படி ஒரு கட்டிலில் ஒருவர் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டொலர் வரை கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். ஆஸ்பத்திரி யார் காலையும் பிடிக்கத் தேவையில்லை, கணக்கைக் காட்டினால் போதும். ஒரு ஏழை வந்தால் செலவாகுமே என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் எண்ணமும் அதனால் குறையும். கொடுக்கிறவர் முன்கூட்டியே விதியை எழுதி வைத்துவிட்டால் வாங்குகிறவர் நிமிர்ந்து நின்று வாங்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அமெரிக்கச் சட்டமும் இவர்களைக் கட்டி வைத்திருக்கிறது. 1969இல் வந்த வரிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இப்படியான தனியார் அறக்கட்டளைகள் தங்கள் முதலீட்டுச் சொத்தின் பெறுமதியில் சுமார் 5 சதவீதத்தை வருடா வருடம் நற்பணிக்குச் செலவழித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. குடும்பத்தாருக்குக் கடன் கொடுப்பது, அறக்கட்டளைச் சொத்தை வீட்டு ஆட்களுக்கு விற்பது போன்றவற்றுக்குத் தடை. புலமைப்பரிசில் கொடுப்பதென்றால் தெரிவு முறையை முதலே வரித் திணைக்களத்துக்குக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். வருடாந்தக் கணக்கு அறிக்கையை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், பொறுப்பாளர்கள் யார் யார் என்று எல்லாமே அதில் இருக்கும்.

இனித் தங்கச்சியின் கேள்வி. கஷ்டத்துக்கு எல்லை இல்லை என்பது சரி, ஆனால் உங்கள் காசுக்கு எல்லை உண்டே. உங்கள் கையில் 50 இலட்சம் இருந்து, அதில் 5 சதவீதம் வருடா வருடம் கொடுப்பதாக வைத்தால் இரண்டரை இலட்சம். நாடு முழுக்கத் தெளித்தால் அது எங்கே போனது என்றே தெரியாது. ஹட்டன் பக்கத்தில் உள்ள நாலைந்து தோட்டங்களில், நீங்கள் ஆட்களை அறிந்த இடத்தில் செலவழித்தால் ஒரு பிள்ளையின் பாதையே மாறும். கொழும்பிலிருந்து உதவ வருகிறவர் பிரதான வீதியோரத்துப் பாடசாலையைப் பார்ப்பார், கட்டடம் பழசாக இருக்கிறது, பெயின்ட் அடித்துக் கொடுப்போம் என்பார். தோட்டத்தின் மேல் டிவிஷனில் (பிரிவில்) சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த பெண்பிள்ளை ஏன் ஆறு மாதம் கழித்துக் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிப்பிக்கும் பாடசாலை அவள் தோட்டத்துக்குப் பக்கத்தில் இல்லை. டவுனில் போர்டிங்கில் நிற்க வேண்டும், அறை வாடகை, சாப்பாடு, சனி ஞாயிறு டியூஷன், வீட்டுக்குப் போய்வர பஸ் காசு, தோட்டத்துக்குப் பஸ் இல்லாத நேரத்தில் ஆட்டோ. அம்மா கொழுந்தெடுத்து வாங்கும் சம்பளத்தில் கடைப் பாக்கியும் சீட்டுக் காசும் போக மிஞ்சுவதில் இதில் எதை அடைக்க முடியும்? பரீட்சைக் கட்டணத்தையோ புத்தகத்தையோ கொடுக்கிறவர்கள் உண்டு. போர்டிங் காசை இரண்டு வருடமும் தவறாமல் கொடுக்கிறவர்கள்தான் இல்லை. அந்த இடத்தில் உங்கள் அப்பா பெயர் இருந்தால் அதுதான் அவருக்கு மரியாதை என்று நினைக்கிறேன்.

அதனால் என் பதில் இதுதான். மலையகத்துக்குள் மட்டும் என்பது குறுகிய மனம் இல்லை, அது நீங்கள் அறிந்த இடத்தில் வேலை செய்வது. ஆனால் அந்த எல்லைக்குள் இன்னொரு எல்லை போட்டீர்களானால், எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள், எங்கள் கோயில் ஆட்கள், எங்கள் சாதி, எங்கள் சங்கத்து ஆட்கள் என்று போனீர்களானால், அதற்கு அறக்கட்டளை என்று பெயர் வைக்காதீர்கள். யாருக்கு என்பதை முடிவு செய்யும் இடத்தில் குடும்பம் மட்டும் உட்காரக்கூடாது. ஐந்து பொறுப்பாளர் என்றால் இரண்டு பேராவது வெளியாட்களாக இருக்க வேண்டும், அதிலும் ஒருவர் தோட்டத்திலேயே வாழ்கிறவராக இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை, குடும்ப நல உத்தியோகத்தர், பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்தவர் இப்படி யாராவது. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். வட்டி முழுவதையும் வருடா வருடம் கொடுத்துத் தீர்த்தால் முதல் கரைந்துவிடும். 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்ட நாடு இது, அதற்கு முன்னால் நிலையான வைப்பில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்த எத்தனையோ நிதிகளின் பெறுமதி ஒரே வருடத்தில் வெகுவாகக் குறைந்துவிட்டது. வட்டியில் ஒரு பங்கை முதலோடு திரும்பச் சேருங்கள், வெளிநாட்டில் இருக்கிற இருவரும் வருடம் ஒரு தொகை போடுவதாக எழுத்திலேயே ஒப்புக்கொள்ளட்டும்.

கேள்வி (பசறை வாசகி): மலையகத்துக்கு உதவுகிறோம் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் ஹட்டன், நுவரெலியாவோடு திரும்பிப் போகிறார்கள். பதுளைப் பக்கம் தோட்டங்கள் இருப்பதே பலருக்கு ஞாபகம் இல்லை. குடும்ப நிதிகளும் இதையேதான் செய்யப்போகின்றனவா?

பதில்: உங்கள் கோபம் சரியான கோபம். மத்திய மாகாணம், ஊவா, சப்ரகமுவ மூன்றிலும் நம் மக்கள் இருக்கிறார்கள். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் தமிழ்ப் பாடசாலைக்கு நடந்து போகும் தூரத்தைக் கேட்டால் நுவரெலியாப் பிள்ளைகளே பரவாயில்லை என்று தோன்றும். களுத்துறை, காலி, மாத்தறைத் தோட்டங்களில் உயர்தரம்வரை தமிழில் படிப்பதே பெரும்பாடு. 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை, வடக்கில் அவர்கள் தோட்டக்காட்டார், இங்கே அவர்கள் வன்னி ஆட்கள்.

ஆனால் ஒரு சின்னக் குடும்ப நிதியால் இவ்வளவையும் தாங்க முடியாது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹட்டனில் வாழ்ந்த குடும்பம் ஹட்டனில் கொடுக்கட்டும், பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் மேலே வந்த குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன, அவர்கள் அங்கே கொடுக்கட்டும். உங்கள் ஊரிலிருந்து போய் டொக்டராக, எக்கவுண்டனாக இருப்பவர்களிடம் நேரே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை, தோட்டத்து வரிசை வீடுகளை, மூடியபோது நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் உதவி வந்தது. உடுப்பு, அரிசி, பால்மா எல்லாம் மலையாகக் குவிந்தது. அது நல்ல மனசுதான், அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் ஆபத்து நடந்த வாரத்தில் வருகிற உதவி வேறு, இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம், தாயை இழந்த பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போகும்போது இருக்கிற உதவி வேறு. அந்த இரண்டாவது வேலைக்குத்தான் அந்த இடத்திலேயே வேர் உள்ள நிதி வேண்டும், டிவி கெமரா போன பிறகும் அங்கே போய்வருகிறவர்கள் வேண்டும்.

கேள்வி (தலவாக்கலை ஆசிரியை): எங்கள் பாடசாலைக்கு ஆய்வுகூடம் வேண்டும் என்று இணையத்தில் தேடி வெளிநாட்டு அறக்கட்டளைகள் பலவற்றுக்கு எழுதினேன். பதில் போட்டவர்களும், தங்கள் மாநிலத்துக்குள் மட்டும்தான் கொடுப்போம் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். தமிழ்நாட்டு அறக்கட்டளை ஒன்றும் முடியாது என்றது. நம்மைக் கேட்க யாரும் இல்லையா?

பதில்: டீச்சர், மனம் உடைய வேண்டாம். அந்த இரண்டு வரி உங்களையோ உங்கள் பிள்ளைகளையோ பற்றியது இல்லை, அவர்களுடைய உறுதியில் எழுதியிருப்பது அது. நிறுவியவர் இன்ன மாநிலம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் இன்றைய பொறுப்பாளர்கள் எவ்வளவு இரக்கப்பட்டாலும் அதை மீற முடியாது. உறுதியில் தடை இல்லாத அமெரிக்க அறக்கட்டளைக்கும் வெளிநாட்டுக்குக் கொடுப்பது இலேசு இல்லை. வாங்குகிற அமைப்பு அமெரிக்கச் சட்டப்படி ஒரு பொது அறநிலையத்துக்குச் சமமானதா என்று பரிசீலித்து ஆவணப்படுத்த வேண்டும், இல்லையென்றால் கொடுத்த காசு எப்படிச் செலவானது என்று தானே பின்தொடர்ந்து அறிக்கை எடுத்துக் காட்ட வேண்டும். ஒன்றிரண்டு பேர் வேலை செய்யும் சின்ன அலுவலகங்கள் இந்தக் காரணத்துக்காகவே எல்லை தாண்டுவதில்லை.

தமிழ்நாட்டுக் கதையும் இதுதான். இந்திய வருமான வரிச் சட்டப்படி, அங்குள்ள அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால், விசேட அனுமதி வாங்காதவரை அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடைக்காது. நம் தாத்தா பாட்டி அங்கிருந்துதான் வந்தார்கள் என்ற பாசம் அவர்களுக்கு இருந்தாலும் சட்டம் கையைக் கட்டிவிடுகிறது. அதனால் ஆசைப்பட்டுக் கடிதம் எழுதி மூன்று மாதம் காத்திருப்பதைவிட இடம் அறிந்து எழுதுவது நல்லது.

அமெரிக்க அறக்கட்டளைகளின் வருடாந்த அறிக்கை பகிரங்கமானது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதைத் தேடிப் பாருங்கள், அதில் இலங்கையில் எந்த அமைப்புக்காவது கொடுத்திருந்தால் மட்டும் எழுதுங்கள். அதோடு நம் நாட்டிலேயே தேயிலையில் உழைத்த காசை இங்கேயே திருப்பிக் கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. டில்மா தேயிலையை உருவாக்கிய மெரில் ஜே. பெர்னாண்டோ, 2023இல் காலமானவர், தன் பெயரில் அறக்கட்டளை வைத்து, வரிக்கு முந்திய இலாபத்தில் குறைந்தது 10 சதவீதம் நற்பணிக்கு என்று ஒதுக்கினார், தோட்டப் பிள்ளைகளுக்கான வேலைகளும் அதில் அடங்கும். எல்லாவற்றுக்கும் முதல் உங்கள் பாடசாலைப் பழைய மாணவர்களின் பட்டியலை எடுங்கள். ஆய்வுகூடம் முழுவதும் ஒரே ஆளிடம் கேட்காதீர்கள், இரசாயனவியல் பகுதிக்கு ஒருவர், நுணுக்குக்காட்டிகளுக்கு ஒருவர், தண்ணீர்க் குழாய் வேலைக்கு ஒருவர் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விலைமனு எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். இவ்வளவுதான், இதற்குத்தான் என்று தெரிந்தால் கொடுக்கிறவருக்கும் மனம் வரும்.

கேள்வி (மஸ்கெலியா, ஒரு தாய்): போன வருடம் ஒரு குடும்பம் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்தது. பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுப் படம் எடுத்து, பேஸ்புக்கில் போட்டார்கள். என் மகள் அன்றைக்கு அழுதாள். கொடுத்ததை வாங்கிவிட்டுக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

பதில்: அப்படி ஒருபோதும் நினைக்கமாட்டேன் அம்மா. உங்கள் மகள் அழுதது நியாயம். நீங்கள் இதை எழுதி அனுப்பியதற்கு நன்றி, ஏனென்றால் இதை வாசிக்கிற கொடுக்கும் குடும்பங்கள் இதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.

கேளுங்கள், கொடுக்கிறவர்களே. நீங்கள் கொடுக்கும் கொப்பியின் விலையைவிட அந்தப் பிள்ளை நாளைக்கு வகுப்பில் எல்லார் முன்னாலும் தலைநிமிர்ந்து உட்காருவது பெரிது. அந்தப் படம் பத்து வருடம் கழித்தும் இணையத்தில் கிடக்கும், அவள் ஆசிரியையாக வேலைக்குப் போகும்போதும் கிடக்கும். கொடுப்பதற்கு எத்தனையோ மரியாதையான வழி இருக்கிறது. பாடசாலைக்குப் பக்கத்துக் கடையில் காசைக் கட்டிவிட்டு, பிள்ளைகளுக்குத் துண்டுச் சீட்டு கொடுத்துவிடுங்கள், தாயோ தகப்பனோ போய் மற்ற வாடிக்கையாளரைப் போலவே வேண்டியதை எடுத்து வரட்டும். கொப்பி ஏற்கெனவே இருக்கிற பிள்ளை சப்பாத்து வாங்கட்டும். கணக்குக் காட்ட வேண்டும் என்றால் கடைப் பில் இருக்கிறது, அதிபரின் கையொப்பம் இருக்கிறது. முகம் தேவையில்லை. கொப்பி மட்டையில் தாத்தா படத்தை அச்சடிப்பதையும் தயவுசெய்து விடுங்கள், அந்தக் கொப்பியை மேசையில் வைத்தாலே அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று வகுப்புக்கே தெரிந்துவிடும்.

குடும்ப நிதி ஆரம்பிக்கிறவர்கள் உறுதியிலேயே ஒரு வரி சேர்க்கலாம். உதவி பெறுகிறவரின் படமோ பெயரோ அவர் எழுத்தில் சம்மதிக்காமல் வெளியிடப்படாது, 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் எந்த நிலையிலும் வெளியிடப்படாது. அவ்வளவுதான்.

கேள்வி (பண்டாரவளை வாசகர்): இலங்கையில் குடும்ப அறக்கட்டளையை எந்தச் சட்டத்தின் கீழ் பதிவது? சட்டத்தரணி ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறொன்று சொல்கிறார்.

பதில்: இரண்டு பேரும் சரியாகவே சொல்லியிருக்கலாம், ஏனென்றால் வழி ஒன்றுக்கு மேல் உண்டு. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உறுதி எழுதலாம், ஏழ்மை நீக்கம், கல்வி, சமயம், பொதுநலம் என்று அறநிலைய நோக்கம் எதுவென்று அந்தச் சட்டமே சொல்கிறது. காணி, வீடு போன்ற அசையாச் சொத்தைப் போடுவதென்றால் நொத்தாரிசு முன்னால் எழுதியே ஆக வேண்டும். இரண்டாவது வழி, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி, அதாவது பங்கு இல்லாமல் உறுப்பினர்கள் ஒரு தொகைக்கு உத்தரவாதம் கொடுக்கும் வகை. வேலையாட்களை வைத்து வெளியாரிடமும் நிதி திரட்டி வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தையும் பார்க்க வேண்டிவரும்.

உங்கள் காசை மட்டும் வைத்துப் புலமைப்பரிசில் கொடுக்கிற சின்னக் குடும்பத்துக்கு முதலாவது வழியே போதும் என்பது என் அபிப்பிராயம். எதுவாக இருந்தாலும் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையொப்பம், அதில் ஒன்று குடும்பத்துக்கு வெளியே உள்ளவருடையது. அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை கணக்கைத் தமிழில், ஒரே தாளில் எழுதிப் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் ஒட்டுங்கள்.

கேள்வி (லுணுகலை, இளைஞர்): புத்தகம், புலமைப்பரிசில் என்றே எல்லாரும் பேசுகிறீர்கள். லயத்தில் கூரை ஒழுகுகிறது. இந்தக் குடும்பங்கள் ஏன் வீடு கட்டித் தரக்கூடாது?

பதில்: தம்பி, கூரை ஒழுகுகிற வீட்டில் புத்தகம் நனைந்துபோகும் என்பது எனக்கும் தெரியும், அதனால் நீ கேட்பதைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் வீட்டுக்கு முன்னால் காணி இருக்கிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, 1992இல் நிர்வாகம் மட்டும் கம்பனிகளுக்கு வந்தது, அந்தத் தோட்டங்களில் நிலம் இன்னும் அரசாங்கத்துடையது. குடும்ப நிதி ஒன்று காசோடு வந்தாலும் அந்த நிலத்தில் தன் இஷ்டத்துக்கு ஒரு கல் வைக்க முடியாது. காணியும் அதற்கு உறுதியும் தருவது அரசாங்கத்தின் கடமை. வீட்டுத் தேவையின் அளவும் பெரியது, 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் வந்து அறிவித்ததே 10,000 வீடு. ஒரு குடும்பம் ஐந்து வீடு கட்டினால் அந்த ஐந்து யாருக்கு என்பதிலேயே ஒரு லயம் இரண்டாகப் பிரிந்துபோகும். இதைவிடப் பெரிய பயம் எனக்கு ஒன்று உண்டு. நல்ல மனசுக்காரர் நாலு பேர் வீடு கட்ட ஆரம்பித்தால், பார்த்தீர்களா அவர்களே செய்துகொள்கிறார்கள் என்று பொறுப்பில் இருக்கிறவர்கள் கையைக் கழுவிவிடுவார்கள். உரிமையாக வர வேண்டியதை உதவியாக வாங்கப் பழகிவிடக்கூடாது.

ஆனால் ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்ய ஆள் இல்லை. பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில் பெயர் பிழை, அடையாள அட்டையில் வேறு பெயர், தோட்டப் பதிவில் மூன்றாவது பெயர், இதனால் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்க முடியாமல் அலைகிற கிழவிமார் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு பாட்டியின் கோப்பில் ஒரே ஆளுக்கு முத்தம்மா, முத்தம்மாள், முத்துமா என்று மூன்று எழுத்து, மூன்றும் வேறு வேறு கிளாக்கர்மார் ஆங்கிலத்தில் எழுதியதைத் திரும்பத் தமிழாக்கியதில் வந்தது. நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பிரதேச செயலகத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும் நடந்து, அங்கே சிங்களத்தில் இருக்கிற படிவத்தை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று நிற்கிறார். உயர்தரம் முடித்து இரண்டு மொழியும் எழுதத் தெரிந்த பிள்ளை ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, வாரத்தில் இரண்டு நாள் டிவிஷனிலேயே உட்கார்ந்து இந்தப் படிவங்களை நிரப்பி, சத்தியக்கடதாசிக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்வரச் சொன்னால் போதும். காணி உறுதி வரும் நாளில் பெயர்ப் பிழையால் யாரும் விடுபடாமலும் இருக்கும். இப்படிப்பட்ட வேலைக்குக் குடும்ப நிதி மிகப் பொருத்தம், செலவும் ஒரு சுவர் கட்டுவதைவிடக் குறைவு. நீயே இதற்கு முன்வருவாய் என்றால் இன்னும் சந்தோஷம்.

கேள்வி (கண்டி வாசகர்): நானும் மனைவியும் ஒரு நிதி வைத்திருக்கிறோம், நாங்கள் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்காக. எங்கள் பிள்ளைகள் மெல்பர்னில். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழே தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. எங்களுக்குப் பிறகு இது நிற்குமா?

பதில்: நிற்கவைக்க முடியும் ஐயா, ஆனால் அது இரத்த உறவை மட்டும் நம்பி நிற்காது.

கோயம்புத்தூர் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தில் அண்ணன் தம்பி நான்கு பேர். 1926இல் சொத்தைப் பிரிக்கும்போது நாலாகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து ஐந்தாவது பங்கை அறத்துக்கு வைத்தார்கள். தர்மத்தை ஓர் உடன்பிறப்பாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்பது எவ்வளவு பெரிய மனசு! அந்தப் பங்கில்தான் பாடசாலைகள், 1951இல் தொழில்நுட்பக் கல்லூரி, பிறகு மருத்துவக் கல்லூரி, ஆஸ்பத்திரி எல்லாம் அதே ஊரில் வந்தன. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம், அவர்கள் மிஞ்சும்வரை காத்திருக்கவில்லை, பங்கு போடும்போதே எடுத்து வைத்துவிட்டார்கள். நீங்களும் மரணசாசனத்தில் நிதியத்துக்கென்று ஒரு பங்கை இப்போதே எழுதிவிடுங்கள், பிள்ளைகளுக்குத் தெரியும்படி, அவர்கள் சம்மதத்தோடு.

நிர்வாகத்துக்கு இரண்டு வழி. உங்கள் நிதியில் படித்து இன்று வேலையில் இருக்கும் பிள்ளைகளில் இருவரைப் பொறுப்பாளராக்குங்கள், அவர்களைவிட அந்தத் தோட்டத்தை அறிந்தவர் மெல்பர்னில் கிடைக்கமாட்டார். அப்படி யாரும் பிடிபடவில்லை என்றால், முதலையும் சேர்த்து 15 அல்லது 20 வருடத்தில் முழுவதும் கொடுத்து முடிப்பது என்று உறுதியிலேயே எழுதிவிடலாம், அதில் ஒரு குறையும் இல்லை, வெளிநாட்டிலும் பல குடும்பங்கள் அப்படிச் செய்கின்றன. பொறுப்பாளர் இல்லாமல் வங்கியில் தூங்கும் காசால் எந்தப் பிள்ளைக்கும் போர்டிங் கிடைக்காது.

பேரப்பிள்ளைகளை அடுத்த விடுமுறைக்குக் கூட்டி வாருங்கள். நுவரெலியாவில் குதிரை ஏற்றிவிட்டுத் திருப்பி அனுப்பாமல், உங்கள் காசில் படிக்கும் பிள்ளைகளின் தோட்டத்தில் ஒரு நாள் முழுக்க இருக்கட்டும். தமிழ் தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை. வருகிற விண்ணப்பங்களில் பெயரை மறைத்துவிட்டு நாலைந்தை அவர்களிடம் கொடுத்து, நீங்களாக இருந்தால் யாருக்குக் கொடுப்பீர்கள், ஏன் என்று கேளுங்கள். பதிலைக் கேட்டபிறகு, அவர்களில் யார் பொறுப்பாளர் மேசையில் உட்காரத் தகுந்தவர் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.